ஓராண்டுக்கு முன்பணம் கட்டிய வீட்டு இணையம்: பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கரூரில் குடியிருக்கிறோம். 9, 14 வயதில் இரண்டு பிள்ளைகள். எங்கள் பகுதி கேபிள் டிவிக்காரர் மூலம் ஒரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். ‘150 எம்பிபிஎஸ் வேகம், குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இணைப்பு’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். 12 மாதத்துக்கு 11,300 ரூபாயும், ரௌட்டர் டெபாசிட் 1,500 ரூபாயும் யுபிஐ-யில் அனுப்பினோம். 4 மாதம் ஆகிறது. இரவு 7 மணிக்கு மேல் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது. ஆபாசத் தளங்கள் எந்தத் தடையும் இல்லாமல் திறக்கின்றன. கேட்டால், ‘கட்டின பணம் திரும்ப வராது’ என்கிறார். என்ன செய்வது? வேறு இணைப்பு எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது கிடைப்பது உங்கள் கையில் உள்ள காகிதத்தைப் பொறுத்தது. முதலில் அந்த நோட்டீஸைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இந்த வழக்கில் அதைவிட வலுவான ஆவணம் உங்களிடம் வேறு இருக்காது.

காரணம் இதுதான். வீட்டு இணைப்பில் ஆபாசத் தளங்களை வடிகட்டித்தான் தர வேண்டும் என்று இணைய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டம் இங்கே இல்லை. அரசோ நீதிமன்றமோ முடக்கச் சொன்ன தளங்களை அவர்கள் முடக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் வெளியிடும் உள்ளடக்கத்துக்கு இணைப்புத் தருபவர் பொறுப்பல்ல என்ற பாதுகாப்பைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு அவர்களுக்குத் தருகிறது. ஆகவே ‘பிள்ளைகள் பார்க்கக் கூடாததைப் பார்த்தார்கள்’ என்று மட்டும் வழக்குப் போட்டால் நிற்காது. ‘பாதுகாப்பான இணைப்பு’ என்று சொல்லி விற்றுவிட்டு அந்த வசதியைத் தராதது வேறு விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அது சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் இரண்டிலும் வரும். புகாரை இந்தக் கோணத்தில் எழுதுங்கள்.

வேகம் குறித்த புகாருக்குச் சான்று திரட்ட வேண்டும். வைஃபை-யில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட்டைக் காட்டினால், ‘சுவர் மறைக்கிறது, போன் பழசு’ என்று நிறுவனம் எளிதாகத் தப்பிவிடும். லேப்டாப்பை லேன் கேபிளால் ரௌட்டரில் நேராகச் செருகுங்கள். மற்ற கருவிகளைத் துண்டியுங்கள். காலை 6 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று என ஒரு வாரம் எடுத்து, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். ரௌட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் 95-க்கு மேல் எப்போதும் காட்டாது; அப்படியானால் 150 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அந்த ரௌட்டரைக் கொடுத்ததே ஒரு குறை, அதையும் எழுதுங்கள். காலையில் நன்றாக ஓடி இரவில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் பகுதி முழுவதற்கும் சேர்த்து நிறுவனம் எடுத்திருக்கும் இணையக் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். மாத டேட்டா வரம்பு தீர்ந்ததால் வரும் வேகக்குறைவு நாள் முழுக்க இருக்கும். இந்த வேறுபாட்டைப் புகாரில் காட்டினால் ‘நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

அடுத்து, பணம் யாருக்குப் போனது? கேபிள்காரரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டு ரசீது வாங்காமல் இருப்பதுதான் இந்த மாதிரி வழக்குகளில் பெரிய சிக்கல். நிறுவனத்தின் செயலியில் நுழைந்து, இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறதா, எந்தத் திட்டம், எத்தனை மாதம் என்று பாருங்கள். 12 மாதப் பணம் வாங்கிக்கொண்டு மாதாமாதம் மட்டும் ரீசார்ஜ் செய்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஜிஎஸ்டி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். புகாரில் நிறுவனம், கேபிள்காரர் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

நிறுவனத்தின் இலவச எண்ணில் புகார் செய்து டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்குங்கள். எண் இல்லாத புகார் கணக்கில் வராது. தீர்வு வராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். நிறுவனம் தீர்வு தர வேண்டிய கெடு முடிந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே அனுப்பி நாளை வீணாக்காதீர்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன.

ரத்துக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இடறக் கூடாது. ‘வேண்டாம்’ என்றோ ‘சொந்தக் காரணம்’ என்றோ எழுதினால் அது நீங்களாக விலகியதாகிவிடும். அப்படி விலகினால், 10 மாதப் பணத்துக்கு 12 மாதம் என்ற சலுகையில் எடுத்தவர்களுக்கு, பயன்படுத்திய 4 மாதத்தை முழு மாதக் கட்டணத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். அதனால் ‘சேவைக் குறைபாட்டால் ரத்து செய்கிறேன், மீதி 8 மாதத்துக்கான 7,533 ரூபாயையும் டெபாசிட் 1,500 ரூபாயையும் 15 நாளில் திருப்பித் தரவும்’ என்று எழுதி, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரௌட்டரையும் அடாப்டரையும் ஒப்படைக்கும்போது சீரியல் எண் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட்டைப் பிடித்துவைக்க ‘ரௌட்டர் வந்து சேரவில்லை’ என்பதுதான் வழக்கமான சாக்கு.

அப்படியும் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் ‘மும்பை நீதிமன்றம் மட்டுமே’ என்று இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட்களுடன், மின்னணுச் சான்றுகளுக்குத் தேவையான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழை இணையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

புதிய இணைப்புக்கு வருவோம். முதல் முறை ஒரு மாதத் திட்டத்துக்கு மேல் பணம் கட்டாதீர்கள். ஒரு மாதம் இரவு நேரத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு நீண்ட திட்டத்துக்கு மாறலாம். பதிவிறக்க வேகத்தை மட்டும் கேட்காமல் பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள், வீடியோ வகுப்புக்கு இரண்டும் வேண்டும். டேட்டா வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். வரம்பைத் தாண்டினாலும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்கு (சுமார் அரை எம்பிபிஎஸ்) கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-ல் உத்தரவு போட்டது. ஆனால் அந்த வேகத்தில் வகுப்பு நடக்காது.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தருவார்களா என்பதைத்தான். பல இடங்களில் அதைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். அது உங்களிடம் இருந்தால், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3 என்று கொடுத்து ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் பெருமளவு தடுக்கலாம். பிள்ளைகளின் கருவிகளுக்கு இரவு 10 மணிக்கு இணைப்பு நிற்கும்படியும் வைக்கலாம். 14 வயதுப் பிள்ளை விபிஎன் (தடையைச் சுற்றிப்போகும் செயலி) அல்லது மொபைல் டேட்டா வழியாக இதைத் தாண்டிவிட முடியும். எனவே போனிலும் பெற்றோர் கட்டுப்பாட்டை அமைத்து, ஏன் என்பதை அவரிடம் பேசிவிடுங்கள்.

வைஃபை கடவுச்சொல்லைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைச் சேமித்து வைப்பது பற்றி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கை அது மீண்டும் உயிர்ப்பித்தது. அப்படி ஒரு தடயம் உங்கள் ஐபி முகவரியில் (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) பதிவானால், யார் பார்த்திருந்தாலும், காவல்துறை முதலில் தேடி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். விருந்தாளிகளுக்கு ரௌட்டரிலேயே தனிப் பெயர், கடவுச்சொல்லுடன் கெஸ்ட் நெட்வொர்க் வைத்து, அவர்கள் போனதும் அணைத்துவிடுங்கள்.