பழைய 56கே மோடம் ஏன் 33.6-ஐத் தாண்டவில்லை?

டர்பனில் 1997-இல் வாங்கிய 56கே மோடம் (தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தோடு இணைக்கும் கருவி; 56கே என்றால் நொடிக்கு 56,000 பிட்) ஏன் அந்த வேகத்தைத் தொடவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மோடத்தில் பழுது இருந்திருக்கத் தேவையில்லை. அன்று 56கே என்ற ஒரே பெயரில் இரண்டு விதிமுறைகள் விற்பனையில் இருந்தன: யு.எஸ். ரோபாட்டிக்ஸின் எக்ஸ்2, ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃபிளெக்ஸ்.

அடிப்படை யோசனை இரண்டுக்கும் ஒன்றுதான். தொலைபேசி நிலையம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. இணையச் சேவைக்காரர் அந்த எண்களையே நேரடியாக அனுப்பினால் வேகம் கூடும். ஆனால் எந்த எண்களை எப்படிப் பயன்படுத்துவது, தொடக்கத்தில் எப்படிப் பேசிக்கொள்வது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மோடம் ஒரு வகை, சேவைக்காரர் மறு வகை. கீச்சென்று இரைந்து முடித்ததும் திரையில் 31,200 என்று வரும். மொழி புரியாததால் இரண்டு பக்கமும் வி.34 என்ற பழைய விதிமுறைக்கு இறங்கிவிட்டன. அதன் உச்சமே நொடிக்கு 33,600 பிட்தான். அப்பா கூடுதலாகக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

1998-இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்தது. பல மோடம்களுக்கு மென்பொருளைப் புதுப்பித்தாலே போதுமாக இருந்தது. வி.90-இலும் மேலேற்றும் வேகம் மட்டும் 33,600-ஐத் தாண்டவில்லை.