தானிய வங்கியில் எடை குறைவது ஏன்?

கேள்வி: தானியம் சேர்த்துவைத்துத் தேவைப்படுவோருக்குக் கடனாகக் கொடுக்கும் எங்கள் ஊர்ப் பொதுத் தானிய வங்கியில் அறுவடையின்போது 1,000 கிலோ நிறுத்து வைத்தோம். நான்கு மாதம் கழித்து 945 கிலோதான் இருக்கிறது. கிடங்குப் பொறுப்பாளர்மீது சந்தேகப்பட்டுச் சிலர் விலகப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஈரக் கணக்கைப் பாருங்கள். 16 சதவீத ஈரத்தோடு வந்த 1,000 கிலோவில் 840 கிலோதான் காய்ந்த பொருள், மற்றது தண்ணீர். அது 12 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் 955 கிலோ ஆகிவிடும். யாரும் ஒரு பிடி எடுக்காமலே 45 கிலோ போய்விட்டது. மிச்சம் பத்துக் கிலோ வண்டுக்கும் எலிக்கும் சிந்தலுக்கும் போயிருக்கலாம். திருட்டு என்று வாயெடுக்கும் முன் இந்தக் கணக்கைக் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள். வீண்பழி சுமந்து ஒருவர் வெளியேறினால், கிடங்குச் சாவியை வாங்க அடுத்தவர் வரமாட்டார்.

இனி வாங்கும்போதே ஈரம் பாருங்கள். ஈரமானி இல்லையென்றால், உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு மேசைக்கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல்; மூட்டையைத் திருப்பிக் காயவைக்கச் சொல்லுங்கள். ஒட்டாவிட்டாலும் மாதக்கணக்கில் வைக்க அது போதாது. 12, 13 சதவீதத்துக்கு வரும்வரை இன்னும் காயட்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகளின் நச்சு சமைத்தாலும் போகாது. காற்றுப் புகாத பையும் ஈரத் தானியத்தைக் காப்பாற்றாது. படியால் அளப்பதை விட்டுத் தராசில் நிறுத்து, எடையோடு ஈரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். கிடங்குக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு வேறு வீடுகளில்.

கேள்வி: மழை பொய்த்ததால் கடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் திருப்பவில்லை. வட்டித் தானியத்தை உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். உயர்த்தினால் ஏழைக் குடும்பம் ஒதுங்கிவிடும், அல்லது எடைக்காக ஈரத் தானியம் வந்து சேரும். வட்டி சேதத்தை ஈடுகட்டினால் போதும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: மழை பொய்த்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பொய்க்கிறது. 6 டன்னையும் கடன் கொடுத்துப் பாதி வராவிட்டால் மிஞ்சுவது 3 டன். 4 டன் மட்டும் கொடுத்து 2 டன்னை இருப்பில் வைத்திருந்தால் 4 டன் மிஞ்சும், அடுத்த பருவமும் அதே அளவு கொடுக்கலாம். இருப்பு பழசாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு பருவமும் பழையதைக் கடனாகக் கொடுத்துப் புதியதை இருப்பில் வையுங்கள். தவணையை எப்போது தள்ளிவைப்பது என்பதை நல்ல விளைச்சல் ஆண்டிலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். பஞ்ச நேரத்துக் கூட்டத்தில் குரல் பெரியவர்தான் ஜெயிப்பார்.