ஆயரம்மாவை மாற்றலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் புதிதாக ஒரு ஆயரம்மா, அதாவது பெண் போதகர், வந்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் அவர் திருவிருந்து (நற்கருணை) நடத்துகிற ஞாயிறுகளில் பல குடும்பங்கள் பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போய்விடுகின்றன. சபை ஒற்றுமைக்காக அவரை மாற்றச் சொல்லித் திருமண்டல (மறைமாவட்ட) நிர்வாகத்துக்கு எழுதலாமா? வாலிபர் ஆராதனையில் டிரம்ஸ், நேரலையில் திருவிருந்து என்று புதுப்புது ஊழியங்கள் வேறு.

ஜே., திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள ஜே.,

டிரம்ஸ் காதை அடைத்தால் பின்வரிசையில் உட்காருங்கள். நேரலைத் திருவிருந்து எனக்கும் ஒப்பவில்லை, அதை இன்னொரு நாள் பேசலாம். ‘ஒற்றுமைக்காக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விடமுடியவில்லை. கொஞ்ச நாளாகவே, பல சபைகள் ஒன்றாகி நம் திருச்சபை பிறந்த 1947-ஐப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

1919-இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) பேராயர் அசரியாவும் மற்றவர்களும் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான் முடிந்தது. அசரியா அதைப் பார்க்காமலே 1945-இல் போய்ச் சேர்ந்தார். ஏன் அத்தனை வருஷம் இழுத்தது? பெரும்பாலும் ஊழியரைப் பற்றிய சண்டைதான். பேராயர் தலையில் கைவைத்து ஊழியத்துக்கு அபிஷேகம் பண்ணாத மெதடிஸ்ட் ஐயரும் (போதகரும்), எஸ்.ஐ.யு.சி. என்ற தென்னிந்திய ஐக்கிய சபை ஐயரும் திருவிருந்தில் கொடுக்கிற அப்பம் செல்லுமா? இங்கிலாந்தில் இருந்த டி.எஸ். எலியட் கூட 1943-இல் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் பிரசுரம் எழுதினார். கவிஞருக்கு நம்மூர் ஐயர்மார் மேல் அவ்வளவு அக்கறை!

கடைசியில் இருக்கிற ஐயர்மாரை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், மறு அபிஷேகம் கேட்கவில்லை. இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பார். மனச்சாட்சி இடம்கொடுக்காத சபைமேல் ஊழியரைத் திணிப்பதில்லை என்றும் உறுதி கொடுத்தார்கள்.

‘அதைத்தானே நானும் கேட்கிறேன்’ என்பீர்கள். இல்லை ஐயா. வேறுவேறு மரபில் வளர்ந்த சபைகள் பழகிக்கொள்வதற்குக் கொடுத்த அவகாசம் அது. உங்கள் சபையாருக்கு மரபில் என்ன சிக்கல்? மற்ற ஐயர்மாரைப் போல இவர் தலையிலும் பேராயர்தான் கைவைத்தார். அதே ஜெபம், அதே திருமண்டலம். சேலை கட்டியிருப்பது ஒன்றுதான் உங்களுக்குக் குறை. பெண்களுக்கு அபிஷேகம் 1970களிலேயே நம் திருச்சபையில் வந்தாயிற்று. 1947-இல் ஆங்கிலிக்கன் சபையார் பலர் சேரமாட்டோம் என்று விலகி நின்ற ஆந்திராவின் நந்தியாலில்தான் 2013-இல் புஷ்பலலிதா என்ற பெண் பேராயரானார். அங்கே முடிந்தது உங்கள் ஊரில் முடியாதா?

என் ஆச்சி எழுத்துப் படித்தது வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த ஒரு பைபிள் உமனிடம். உபதேசியார் திண்ணையைத் தாண்டி வரமுடியாத வீடு அது. அந்த அம்மா அடுப்படிவரை வந்து, முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் ‘அ’ போடவைத்தாராம். கடைசிவரை ஆச்சி சங்கீதத்தை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் வாசிப்பாள். உங்கள் வீட்டிலும் நாலு தலைமுறை பின்னால் போனால் அப்படி ஒருத்தி வந்து வேதம் சொல்லியிருப்பாள். அவள் சொன்ன வேதம் செல்லும், அவள் பேத்தி பிட்கிற அப்பம் மட்டும் செல்லாதோ?

‘நல்லவர்தான்’ என்று ஆயரம்மாவை ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். பிரசங்கம் எப்படி, சுகமில்லாதவர் வீட்டுக்குப் போகிறாரா, ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறுகளில் நீங்கள் எந்த ஆலயத்தில் இருந்தீர்கள் என்பதையும் எழுதவில்லை. திருமண்டலத்துக்குக் கடிதமெல்லாம் வேண்டாம். அடுத்த திருவிருந்துக்குக் குடும்பத்தோடு உங்கள் ஆலயத்துக்கே போங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.