பருந்து, வல்லூறு போன்ற பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரி, கடலூர் பக்கம் அதைச் செய்ய முடியுமா?

பார்த்திருக்கிறேன், ஒரு வார இறுதி முழுக்க. ஆனால் இங்கே இல்லை, அமெரிக்காவில். இரண்டாவது கேள்விக்குப் பதில்: பிடிக்கிற வேலையை நீங்களும் நானும் இங்கே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் வளையத்தில் ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைப் படித்துத் தெரிவிக்கிற இன்னொரு வேலை இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிடித்ததே வீண். அதைச் செய்ய நமக்கு எந்தத் தடையும் இல்லை. முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர், இப்போது இருப்பது புதுச்சேரியில். அக்கா குடும்பம் மினசோட்டாவில் இருந்தபோது ஒரு செப்டம்பரில் போயிருந்தேன். மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் டுலுத் நகரத்தில், ஹாக் ரிட்ஜ் என்ற குன்றின் மேல் பருந்து எண்ணுகிற தன்னார்வலர்களில் ஒருவர். அவர் தயவில் வளையம் போடுகிற கொட்டகைக்குள் உட்கார இடம் கிடைத்தது. பொதுமக்கள் நிற்கிற இடம் வேறு. அங்கிருந்து வானத்தைத்தான் பார்க்கலாம்.

ஏன் டுலுத்? சுபீரியர் ஏரிதான் காரணம். ஏரி என்றதும் நம்ம வீராணத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது 80 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் அதிகம். பருந்து இனங்கள் சிறகை அடித்து அடித்துத் தூரம் போவதில்லை. தரை சூடாகி மேலே எழும் காற்றில் ஏறி, வட்டமடித்து, அப்புறம் சறுக்கிக்கொண்டே போகும். குளிர்ந்த நீரின் மேல் அந்தக் காற்று எழாது. அதனால் கனடாவிலிருந்து தெற்கே வருகிற பறவைகள் ஏரியைக் கடக்கத் தயங்கி, கரையோரமாகவே தென்மேற்கே நகர்ந்து, ஏரி முடிகிற டுலுத்தில் வந்து நெரிசலாகச் சேர்கின்றன. 2003 செப்டம்பர் 15 அன்று அந்த ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை எண்ணியிருக்கிறார்கள். நான் போனபோது அப்படியெல்லாம் இல்லை. சனிக்கிழமை காலை முழுக்க மேகமும் தூறலும். வானத்தில் ஈ காக்கை இல்லை. குளிர்காற்று ஒன்று வந்து மழையைத் துடைத்துவிட்டு வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கினால்தான் பறவை வரும் என்றார்கள். மதியத்துக்கு மேல் அப்படித்தான் ஆனது.

கொட்டகை என்பது பலகை அறை. முன்பக்கம் கண்ணளவுக்கு நீளமான இடுக்கு. எதிரே மரம் வெட்டிய வெளி, அதில் விதவிதமான வலைகள். ஒன்று, சட்டென்று கண்ணில் படாத மெல்லிய நூல் வலை. இன்னொன்று, வில்லாக வளைந்த கம்பியில் கட்டி மடித்து வைத்திருப்பது. கயிற்றை இழுத்தால் பறவையின் மேல் கவிழும். மூன்றாவது, இரண்டு கம்புகளுக்கு நடுவில் தொங்குவது. பறவை வந்து மோதினால் வலை கம்பை விட்டுக் கழன்று அதைப் பை மாதிரி சுருட்டிக்கொள்ளும். இதன் பெயர் தோ-கஸா. சாலையோரக் கம்பிகளில் உட்காரும் சின்ன வல்லூறுகளைப் பிடிக்க பால்-சத்ரி என்று ஒரு கூண்டு. உள்ளே எலி, மேலே முழுக்க நைலான் சுருக்குகள். விரல் மாட்டிக்கொள்ளும். இரண்டு பெயரும் நம் நாட்டு வேட்டைக்காரர்களிடமிருந்து போனவை. வல்லூறு வளர்த்து வேட்டையாடியவர்களின் கருவியை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையில் இருந்த பெண்மணி இதை எனக்குச் சொன்னபோது, நான் கண்டுபிடித்தது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரை காட்டாமல் பருந்து இறங்காது. புறா ஒன்றுக்குத் தோல் கவசம் மாட்டி, கயிற்றில் கட்டி, உள்ளே இருப்பவர் கயிற்றைச் சுண்டுவார். புறா படபடக்கும். மேலே போகிற பருந்து அதைப் பார்த்தால் கல் விழுகிற வேகத்தில் வரும். கவசம் இருக்கிறது, ஓடிப்போய் உடனே எடுத்துவிடுகிறார்கள், எல்லாம் சரி. ஆனாலும் அந்தப் புறாவுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இன்றைக்கும் ஆகவில்லை. வளையம் போடுவதை ஆதரிக்கிறவன்தான் நான், இந்த ஒன்றைத் தவிர.

அன்று வந்ததில் பெரும்பாலும் ஷார்ப்-ஷின்ட் ஹாக். நம்மூர் வைரியின் சாயலில் இருக்கும், அதைவிடச் சின்னது. பிடிப்பவர் அலகைப் பற்றிக் கவலையே படுவதில்லை. முதலில் இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கிறார், ஆபத்து நகத்தில்தான். அப்புறம் பறவையை உருளைக்கிழங்கு வறுவல் வருகிற நீள டப்பாவுக்குள் தலைகீழாகச் செருகிவிடுகிறார்கள். வெளியே காலும் வாலும் மட்டும் தெரியும். இருட்டானதும் அடங்கிவிடுகிறது. டப்பாவோடு எடை போட்டு, டப்பாவின் எடையைக் கழிக்கிறார்கள். ஆண் ஏறக்குறைய 100 கிராம், பெண் 170க்குப் பக்கம். இந்த இனத்தில் பெண்தான் பெரிது, அதனால் ஆணுக்கு ஓர் அளவு வளையம், பெண்ணுக்கு வேறு அளவு. இறக்கையை ஸ்கேலில் வைத்து அளக்கிறார்கள். நெஞ்செலும்பைத் தடவி எவ்வளவு சதை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கண் மஞ்சளாக இருந்தால் இந்த வருஷக் குஞ்சு, செம்மையேறியிருந்தால் வளர்ந்த பறவை. வளையம் அலுமினியம், அதில் எண். இடுக்கியால் ஓர் அழுத்து. கைவளையல் மாதிரி தளர்வாகச் சுற்ற வேண்டும், அதே சமயம் பாதத்தைத் தாண்டிக் கழன்றுவிடவும் கூடாது. இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பழகிய கை.

ஒரு தொகை கட்டினால் வளையம் போட்ட பறவை ஒன்றை நம் கையாலேயே பறக்கவிடலாம். மாமா எனக்காகக் கட்டினார். கையில் இருந்தது பெண் பறவை, கை கொள்ளாத சூடு. விட்டதும் நன்றி சொல்லித் திரும்பிப் பார்க்கும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். என் மணிக்கட்டில் எச்சம் போட்டுவிட்டுப் போனது.

அன்று ராத்திரி வீடியோ காலில் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன்.

“ஏண்டா, கருடனைப் பார்த்தா கன்னத்துல போட்டுக்கிறவங்க நாம. அதப் புடிச்சு டப்பாவுல அடைச்சு வெச்சிருக்காங்களே, பாவம் இல்லையா?”

“அத்தை, அது கருடன் இல்ல. இந்த ஊரு வைரி” என்றார் மாமா.

“எதுவா இருந்தா என்ன மாப்ள, உசுருதானே.”

நீங்கள் கேட்காவிட்டாலும் உங்களுக்குள்ளும் இருக்கிற கேள்வி இது. வலி என்று பார்த்தால் பெரிதாக இல்லை, வளையத்தின் எடை பறவையின் எடையில் மிகச் சிறு பங்கு. பயம் நிச்சயம் உண்டு. அதனால்தான் அங்கே கண்டவர்கள் செய்ய முடியாது. 1918இல் வந்த வலசைப் பறவைச் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் உரிமம் வாங்கியவர்களும் அவர்களிடம் பயிற்சி பெற்றவர்களும் மட்டும்தான் கை வைக்கலாம். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? வானத்தில் போகிற பறவையை எண்ணலாம், ஆனால் நேற்றுப் போனதும் இன்று போனதும் ஒன்றா என்று சொல்ல முடியாது. எண் மாட்டினால்தான் அது ஒரு தனி ஆளாகிறது. எத்தனை வருஷம் வாழ்ந்தது, எங்கே குளிர்காலம் கழித்தது, எதனால் செத்தது, எல்லாம் அதற்குப் பிறகுதான். 1899இல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் ஸ்டார்லிங் என்ற மைனா வகைப் பறவைகளுக்கு எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டியதிலிருந்து இதே கதைதான்.

ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. நூறு பறவைக்கு வளையம் போட்டால் ஏதோ ஒரு சிலவற்றைப் பற்றித்தான் சேதி திரும்பி வரும். அந்தச் சேதியை அனுப்புவது விஞ்ஞானி இல்லை. கண்ணாடி ஜன்னலில் மோதிச் செத்த பறவையைப் பெருக்க வந்தவர், ரோட்டில் அடிபட்டதைப் பார்த்த லாரி டிரைவர், இப்படிப்பட்டவர்கள்தான். அவர்கள் எண்ணைப் படித்து எழுதிப் போடவில்லையென்றால் அந்தப் புறா பட்ட பாடு, பருந்து பட்ட பாடு, எல்லாம் போச்சு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இலேயே வளையம் போடத் தொடங்கிவிட்டது. 1960களில் பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் அது பெரிய திட்டமாக நடந்தது. பறவை பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தினர், பரம்பரையாக அதே தொழில் செய்தவர்கள். நமக்குப் பக்கத்தில் என்றால் கோடியக்கரையில் அந்தக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் உள்ளான் போன்ற கரைப்பறவைகள்தான். பருந்துக்கென்று டுலுத் மாதிரி வார இறுதியில் போய் உட்கார ஓர் இடம் கடலூரிலோ புதுச்சேரியிலோ கிடையாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வேட்டைதான். ஆராய்ச்சிக்கு என்றாலும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆசையில் வீட்டு மாடியில் வலை கட்டிவிடாதீர்கள், ஜெயிலுக்குப் போவீர்கள்.

நாகாலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டோயாங் நீர்த்தேக்கத்தின் பக்கம் கூட்டம் கூட்டமாக இறங்கும் அமுர் வல்லூறுகளை வலை கட்டிப் பிடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2012இல் அது வெளியே தெரிந்து பெரிய சத்தமானது. மறு வருஷமே அந்த ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் அங்கேயே மூன்று பறவைகளைப் பிடித்து, முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்து விட்டார்கள். அரபிக்கடலை ஒரே மூச்சில் கடந்து ஆப்பிரிக்கா போகிற பாதை அதில்தான் நன்றாகத் தெரியவந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே பருந்துகளுக்குப் பஞ்சமில்லை. பாகூர் ஏரியிலும் ஊசுட்டேரியிலும் மரக்காணம் பக்கத்துக் கழுவெளியிலும் சேற்றுப் பூனைப்பருந்தைப் பார்க்கலாம். கோரைக்கு மேல் ஆளுயரத்தில், இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடி தள்ளாடுவது போல வரும். அது வருவதற்கு முன்பே நாமக்கோழிகள் கூச்சலிட்டுத் தண்ணீரில் ஓடும், அதை வைத்தே தலையைத் திருப்பலாம். தண்ணீரில் காலை முன்னால் நீட்டி விழுந்து மீனோடு எழுந்தால் அது விராலடிப்பான். பிச்சாவரத்துக் கழிமுகத்தில் தேடிப் பாருங்கள். செல்போன் கோபுரங்களில் குளிர்காலத்துக்கு வருகிற பொரி வல்லூறு உட்காருவதுண்டு, புறாதான் அதற்குச் சாப்பாடு. கசகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கிற மாண்டேகு பூனைப்பருந்து காய்ந்த புல்தரையில் கூட்டமாகத் தரையிலேயே தூங்கும். அந்தத் தரை நம் பக்கம் மனைப்பிரிவாகிக்கொண்டு வருகிறது, கொடிக்கம்பமும் கல்லும் நட்டுவிட்டால் அப்புறம் அது வராது.

பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், புதியவர்களும் சேரலாம். ஜூம் கேமரா இருந்தால் பறவையின் முகத்தோடு காலையும் ஒரு படம் எடுங்கள். நம்மவர்கள் இதைச் செய்வதே இல்லை.

மீனவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் பேசுங்கள், இது எல்லாவற்றையும்விட முக்கியம். முதுநகரில் எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டில், வலை பின்னுகிற ஊசிப் பெட்டிக்குள் ஒரு வளையம் கிடந்தது. வலையில் சிக்கிச் செத்த ஆலாவின் காலில் இருந்ததாம். “கவர்மென்ட் பறவைன்னு நெனச்சிட்டோம்பா. கேஸ் கீஸ் ஆயிடுமோன்னு உள்ள போட்டுட்டேன்” என்றார். உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்றிருந்தது, எண்ணில் பாதிதான் தெரிந்தது. எங்கிருந்து வந்த பறவை என்பது அத்தோடு போனது. செத்த பறவையின் வளையத்தைத் தெரிவிப்பது குற்றமில்லை என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

வளையம் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது இதுதான். அதில் உள்ள எழுத்து, எண் எல்லாவற்றையும் விடாமல் குறித்துக்கொண்டு, சுற்றிலும் படம் எடுங்கள். தேதி, இடம், பறவை எந்த நிலையில் இருந்தது என்று எழுதுங்கள். உயிரோடு இருக்கிற பறவையின் வளையத்தைக் கழற்றவே கூடாது. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்திய வளையத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ருஷ்ய வளையம் என்றால் மாஸ்க்வா என்ற பெயர் இருக்கும். எந்த நாட்டு வளையமாக இருந்தாலும் பம்பாய்க் கழகத்துக்கே எழுதிவிடுங்கள், அவர்களுக்கு வழி தெரியும்.

பாகூருக்குப் போவதானால் விடிந்த கையோடு ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பூனைப்பருந்து மேலே போய்விடும், படத்தில் கால் தெரியாது.