வீட்டு வெல்டிங்குக்கு எந்த கேஸ் சிலிண்டர் வாங்கலாம்?

வீட்டில் மிக் (MIG) வெல்டிங் செய்ய, அதாவது மெஷின் தானாகத் தள்ளும் கம்பியை உருக்கி, காற்று படாமல் கேஸால் காத்து ஒட்டும் முறைக்கு, எந்த கேஸ், எவ்வளவு பெரிய சிலிண்டர் என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண இரும்பு என்றால் 75% ஆர்கான், 25% கார்பன் டை ஆக்சைடு கலவைதான் என் தேர்வு. தனி கார்பன் டை ஆக்சைடு மலிவு, ஆழமாகவும் உருக்கும். ஆனால் பொறி நிறையத் தெறிக்கும், மெல்லிய தகட்டில் சுலபமாக ஓட்டை விழும். அலுமினியத்துக்குச் சுத்தமான ஆர்கான்.

அளவுக்கு ஒரு கணக்கு: 10 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1500 லிட்டர் கேஸ் கிடைக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம் விடாமல் வெல்டிங் செய்யலாம். வார இறுதி வேலைகளுக்கு இது தாராளம்.

பழைய சிலிண்டர் வாங்குவதாக இருந்தால் கவனம். கழுத்தருகே குத்தியிருக்கும் சோதனைத் தேதி காலாவதியாகியிருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள். சிலர் கம்பெனியின் வாடகைச் சிலிண்டரையே விற்றுவிடுகிறார்கள். அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே நிரப்பும் இடத்தில் விசாரித்துவிடுங்கள். அப்புறம், ரெகுலேட்டரின் மரை வால்வுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலி போட்டுக் கட்டுங்கள். ஆர்கானுக்கு வாசனை கிடையாது; மூடிய அறையில் கசிந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் குறைந்துவிடும். கதவு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.