வாடகைக் காரில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஓட்டிப் போனால் வழியில் போலீஸ் தொந்தரவு இருக்குமா?

நான் பட்டர்வொர்த்காரன். வேலை விஷயமாக இந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அடிக்கடி போய் வருகிறவன். கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்லி லைசென்ஸ் கேட்பதைத்தான் தொந்தரவு என்கிறீர்கள் என்றால், டோல் நெடுஞ்சாலையில் அது அபூர்வம். ஊருக்குள் ரோடு பிளாக் போடுவார்கள், குறிப்பாக ராத்திரியில். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களையும் லைசென்ஸ் இல்லாதவர்களையும் பிடிக்கத்தான் அது பெரும்பாலும். பாஸ்போர்ட்டும் சர்வதேச ஓட்டுநர் உரிமமும் கையில் இருந்தால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து வந்திருந்த என் சித்தி மகன் வழியிலுள்ள தாப்பா ஊரைத் தாண்டியதும் பதறிப் போனான். "அண்ணே, போலீஸ் பின்னாடியே வருது, மெதுவா போங்க." திரும்பிப் பார்த்தால் பிளஸ் ரோண்டா! அது போலீஸே இல்லை. நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் ரோந்து வண்டி. சமன், அதாவது அபராதச் சீட்டு, எழுதும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. வண்டி நின்றுபோனால் உதவுவது, விபத்து நடந்த இடத்தில் கூம்பு வைத்துப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவது, இதெல்லாம்தான் அவர்கள் வேலை. கார் நின்றுவிட்டால் 1800-88-0000 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். எங்கிருந்தோ தானாக வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.

சமன் எழுதுகிறவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று போக்குவரத்து போலீஸ். இன்னொன்று ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறை. ஜேபிஜேக்காரர்கள் லாரியின் பாரம், பஸ், கண்ணாடியின் கறுப்பு, நம்பர் பிளேட் என்று வண்டியையே அதிகம் நோண்டுவார்கள். பெருநாள் காலத்தில் பயணிபோல் டிக்கெட் எடுத்து விரைவு பஸ்ஸில் உட்கார்ந்து, ஓட்டுநர் போன் பேசுகிறாரா என்று பார்ப்பதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த நடவடிக்கை அதுதான். இப்படி இன்னும் நிறைய செய்யலாம்.

உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் வரக்கூடிய தொல்லை கேமரா. நெடுஞ்சாலையில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 110 கி.மீ. ஜேபிஜேயின் 'அவாஸ்' என்கிற வேகக் கேமராக்கள் நிலையாக நிற்கும். போலீஸ் கேமராவோ மேம்பாலத்திலோ சாலையோரத்திலோ இருக்கும், எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. யாரும் நிறுத்த மாட்டார்கள், கடிதம்தான் வரும். நாங்கள் இதை 'சமன் ஏக்கோர்' என்போம். கடிதம் வண்டியின் சொந்தக்காரருக்குப் போகும், ஓட்டியது யார் என்று அவர் சொல்லியாக வேண்டும். ஆக, வாடகை நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்துவிடும், அல்லது முன்பணத்தில் கழித்துக்கொள்ளும். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் இதை அவர்களிடம் பேசிவிடுங்கள். போலீஸ் சமனும் ஜேபிஜே சமனும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் எதுவும் இல்லை என்பதால் மற்றதிலும் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

முன்பெல்லாம் சமன் தொகையில் அவ்வப்போது பாதி விலைத் தள்ளுபடி அறிவிப்பார்கள். எங்கள் ஆட்களும் தீபாவளி சேலுக்குக் காத்திருப்பதுபோல் சமனைக் கட்டாமல் வைத்திருப்பார்கள். 2026 ஜனவரி 1 முதல் முறை மாறிவிட்டது. 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதற்குப் பிறகு முழுத் தொகை, 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். சரியான மாற்றம். சீக்கிரம் கட்டுகிறவனுக்குத்தானே சலுகை கொடுக்க வேண்டும்?

ஒருவேளை நிறுத்தினால் காப்பி காசு, அதாவது லஞ்சம், கொடுக்கும் எண்ணமே வேண்டாம். இங்கே கொடுப்பதும் குற்றம், 20 ஆண்டு வரை சிறை. சமனை வாங்கிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். நிறுத்துகிறவர் சீருடையில் இல்லாவிட்டால் அதிகார அட்டையைக் கேளுங்கள். அது சிவப்பு என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு உங்களை நிறுத்தும் அதிகாரம் இல்லை.

நெரிசலில் அவசரப் பாதையில் நுழையாதீர்கள், முன்னால் பத்து கார் போனாலும் சரி. அதற்கு 300 ரிங்கிட். பெருநாள் வாரத்தில் கூட்டரசு (மத்திய அரசு) சாலைகளில் வரம்பை 90லிருந்து 80 ஆகக் குறைப்பது வழக்கம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கம் வரும் மலைப்பகுதியிலும் 110 கிடையாது. அங்கே லாரிகள் ஊர்ந்து ஏறும், வளைவும் அதிகம், பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.

பினாங்குப் பாலத்தில் 80. கடலைப் படம் எடுக்க ஓரமாக நிறுத்தினால் அங்கேயே சமன்தான். போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.