கோழிக்கு இரப்பை கல்லாட்டம் இருக்கு, என்ன பண்றது?

கேள்வி: வீட்ல ஏழு நாட்டுக்கோழி இருக்கு டாக்டர், அதுல ஒண்ணு ரெண்டு நாளா இரை எடுக்காம மூலைலயே குந்திக்கிட்டு இருக்கு, கழுத்துக்குக் கீழ பந்து மாதிரி வீக்கம். இஞ்சிச்சாறு ஊத்தச் சொல்றாங்க மாமியார், ஊத்தலாமா?

பதில்: இஞ்சிச்சாறு இப்ப வேணாம்மா. வீங்கியிருக்கறது இரப்பை, தின்ன இரை மொதல்ல தங்கற பை. காலைல இரை போடறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க, நல்லா இருக்கற கோழிக்கு அந்நேரம் அது காலியாத்தான் இருக்கும். பிசைஞ்ச மாவு உருண்டையாட்டம் கெட்டியா இருந்தா நீளப் புல்லு, வைக்கோல், சாக்கு நூல்னு ஏதோ அடைச்சிருக்கு, இரைய நிறுத்திட்டு தண்ணி மட்டும் வைங்க, அலகு ஓரமா ரெண்டு மூணு சொட்டு தேங்காண்ணெய் விட்டு விரலால மெதுவா அமுக்கி விடுங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. சில பேரு தலைகீழா புடிச்சு கக்க வைக்கறாங்க, அத மட்டும் பண்ணிடாதீங்க, மூச்சுக்குழாய்ல போனா கையிலயே செத்துடும். கெட்டியா இல்லாம தண்ணிப் பை மாதிரி தளும்பி, வாய்ல புளிச்ச மாவு நாத்தம் வந்தா அது பூஞ்சை. நிஸ்டாடின்னு பூஞ்சை மருந்து குடுக்கணும், அளவு டாக்டர்தான் சொல்லணும், கடைல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டா பூஞ்சை இன்னும் ஏறும். மறுநாளும் இறங்கலன்னா கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. எச்சம் பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு மத்த கோழியும் சுருண்டுச்சுன்னா வெள்ளைக்கழிச்சல்ங்கற தொத்து நோயா இருக்கலாம், மொதல்ல சீக்குக் கோழிய தனியா அடைங்க.